ஏற்றத்தில் ஏறும் முள்

பிப்ரவரி 3

மைனாவுக்கு,

ஒரு லாரி இன்ஜினில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? நீ கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. உடைந்த இரும்பைப் பார்ப்பது என் வேலை. ஒடிந்த போல்ட், வெடித்த குழாய், பல் தேய்ந்த சக்கரம் எல்லாம் என் மேசைக்கு வருகின்றன. ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுக்கிறேன். உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டு யாரும் வந்ததில்லை. நீதான் முதல் ஆள்.

போனில் பேசத்தான் முயன்றேன். நீ "சொல்லுங்க அண்ணி" என்பதற்குள் பின்னாலிருந்து உன் வீட்டுக்காரன், என் அருமைத் தம்பி, "டர்போன்னு சொல்லு, பெரிய டர்போ" என்று கத்துகிறான். காலில் கட்டோடு படுத்திருப்பவனுக்குத் தொண்டை மட்டும் நன்றாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரே வருடத்தில் இரண்டு முறை, இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இரண்டும் மலை ஏற்றத்தில். இரண்டாவது முறை லாரி நின்றுவிட, இவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுக்கப் போயிருக்கிறான். லாரி பின்னால் நகர்ந்து பாதத்தில் ஏறியிருக்கிறது. இனி அவன் எப்போது ஓட்டுவான் என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை. அதனால் நீ ஓட்டப்போகிறாய். மலைமேல் அணை கட்டும் கம்பெனிக்குச் சிமெண்ட் ஏற்றிப்போக ஏப்ரலில் உனக்கு முறை கிடைத்திருக்கிறது. முதல் நடையிலேயே வழியில் நின்றால் அடுத்த முறை கிடையாது.

அந்த லாரிக்கு இதுவரை நீங்கள் செய்ததை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று விதமாகக் கத்தும் ஹார்ன். எதிரே வருபவன் கண்ணைக் குருடாக்கும் விளக்கு. தோல் தைத்த இருக்கை. ஆனால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் கண்ணாடி போன வருடம் நான் வந்தபோதே உடைந்திருந்தது. இப்போதும் அப்படியேதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். லாரி என் பெயரில் பதிவாகியிருப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று வங்கி என் சம்பளத்தைப் பார்த்துக் கடன் தந்தது, அவ்வளவுதான்.

எதையும் வாங்காதே. அந்த மேல்மூடியிலிருந்து கழற்றிய போல்ட் ஒன்று அனுப்பு. இன்ஜினிலிருந்து வடித்த எண்ணெய் கொஞ்சம் அனுப்பு. லாரி எப்படி நடந்துகொள்கிறது என்பதை உன் வார்த்தையில் எழுது. தம்பி வார்த்தையில் வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

தெரியாது என்று சொல்ல இவ்வளவு நீளக் கடிதம் எழுதுகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். கண்ணாடி உடைந்துதான் இருக்கிறது. ஹார்ன் உங்கள் தம்பி வாங்கியது. இருக்கை நான் தைக்கச் சொன்னது. எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதைத் திட்டுங்கள்.

போல்ட்டைக் கேட்டு வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. பட்டறைக்காரர் என்னோடு பேசுவதில்லை. என் தலைக்கு மேலே ஆள் நிற்பதுபோல் அங்கே பார்த்துப் பேசுகிறார்.

"வீட்டுக்காரர வரச் சொல்லும்மா."

"அவருக்குக் கால் உடைஞ்சிருக்கு."

"அப்ப போன் போடச் சொல்லு."

"ஓட்டப்போறது நான். என்கிட்டயே சொல்லுங்க."

"ஓட்டுறது வேற, இன்ஜின் வேற."

பிறகு உங்கள் தம்பிக்குப் போன் போட்டு இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். பெரிய டர்போ, பெரிய ரேடியேட்டர். டர்போ வைத்தால் ஏற்றத்தில் சும்மா பறக்குமாம். பறக்க வேண்டும் என்று யார் கேட்டது? நிற்காமல் போனால் போதாதா?

லாரி எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கேட்ட முதல் ஆள் நீங்கள் என்பதால் சொல்கிறேன். சமவெளியில் அவர் தூங்குவார், நான் ஓட்டுவேன். மலையடி வந்ததும் எழுந்து, "நகரு" என்பார். கல்யாணமானதிலிருந்து இதே கதை. நான் ஓட்டுகிற இடத்தில் அந்த முள் செத்துக் கிடக்கும், அடியிலிருந்து எழுவதே இல்லை. ஏற்றத்தில் அவர் கைக்குப் போனதும் விறுவிறு என்று சிவப்புக்கு ஏறும். "உன்கிட்ட சும்மா கிடக்கு, என்னைப் பார்த்தா மட்டும் சூடாகுது" என்று வேறு சொல்லிக்கொள்வார்.

போல்ட்டைத் துணியில் சுற்றியிருக்கிறேன். எண்ணெய் இருமல் மருந்துப் பாட்டிலில் இருக்கிறது. மறந்துபோய்க் குடித்துவிடாதீர்கள்.

மைனா


பிப்ரவரி 20

மைனாவுக்கு,

இப்போது எனக்குப் பதில் தெரியும். போல்ட்தான்.

நீ அனுப்பியதை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். இழுபட்டு நடுவில் மெலிந்திருக்கிறது. இந்த வகைப் போல்ட்டை ஒருமுறை இறுக்கினால் அதோடு சரி. கழற்றினால் புதிது போட வேண்டும். உன் பட்டறைக்காரர் முதல் கேஸ்கட் மாற்றியபோது பழையதையே திரும்பப் போட்டு இறுக்கியிருக்கிறார். பிடி தளர்ந்தது, கேஸ்கட் போனது. தலைக்கு மேலே பார்த்துப் பேசுகிற நேரத்தில் கையில் இருந்த போல்ட்டை ஒரு தடவை பார்த்திருக்கலாம். என் தம்பி பாதம் தப்பியிருக்கும்.

எங்கள் தொழிற்சாலைக்குச் சாமான் கொண்டுவருகிறவரிடம் இதைவிட வலுவான போல்ட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏப்ரல் கடைசி ஆகும். அவை வந்து இறுக்கிய பிறகுதான் மற்றதெல்லாம். டர்போ பேச்சை யாராவது எடுத்தால் என் பெயரைச் சொல்.

எண்ணெயில் டீசலும் தண்ணீரும் கலந்திருக்கின்றன. தண்ணீர் வெடித்த கேஸ்கட் வழியாக வந்திருக்கும், டீசல் அப்படி வராது. ஒழுங்காகச் சூடாகாமலே ஓடிய இன்ஜினின் எண்ணெய் போல இருக்கிறது. அளவு மீறிச் சூடாகும் இன்ஜினுக்கு இது பொருந்தவில்லை. பாட்டிலில் மருந்து மிச்சம் இருந்ததோ என்னவோ. அதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

பாட்டிலை நான் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் அனுப்பினேன். உங்கள் கணக்குக்கு ஒத்துவராதது எல்லாம் என் அழுக்கா?

ஏப்ரல் கடைசி என்று நிம்மதியாக எழுதிவிட்டீர்கள். அணைக் கம்பெனிக்காரர்கள் முதல் நடையை ஏப்ரலிலிருந்து மார்ச் நடுவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுக்கு அவசரமாம். வரமுடியாத லாரியின் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரைப் போடுவார்கள். வரிசையில் எங்களுக்கு அடுத்து நிற்பவர் தினமும் லாரி ஆபீசுக்கு வந்து, உங்கள் தம்பியின் காலைப் பற்றி ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டுப் போகிறார்.

ஒன்று கவனித்தேன். நீங்கள் இரும்பு படித்தவர், உங்களுக்கு இரும்பில்தான் கோளாறு. பட்டறைக்காரர் டர்போ விற்கிறவர், அவருக்கு டர்போ இல்லாததுதான் கோளாறு. உங்கள் தம்பிக்கு எவனையாவது முந்த வேண்டும், அதனால் பவர் போதவில்லை. எல்லோரும் அவரவர் கடையில் இருப்பதையே என் தலையில் கட்டுகிறீர்கள். லாரி என்ன சொல்கிறது என்று யாராவது பார்க்கிறீர்களா?

கேஸ்கட் புதிதாகப் போட்டாகிவிட்டது. பழைய போல்ட்டிலேயே நல்லதாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன் என்கிறார் பட்டறைக்காரர். டர்போ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருப்பதை வைத்துக்கொண்டு மெதுவாகப் போய்வருகிறேன். வேறு வழி இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் நல்லபடியாகப் போய்வா என்று எழுதுங்கள்.

மைனா


மார்ச் 9

அண்ணிக்கு,

இரண்டில் எதையும் நீங்கள் எழுதவில்லை. போன் போட்டுவிட்டீர்கள், எனக்கு இல்லை, பட்டறைக்காரருக்கு.

காலையில் சாவி வாங்கப் போனேன். "வண்டி ரெடியா?" என்றேன்.

"ரெடிதான். ஆனா தர முடியாது."

"ஏன்?"

"ஓனரம்மா பேசினாங்க. அவங்க சொல்ற வரைக்கும் வண்டி வெளிய போகக் கூடாதாம்."

"எந்த ஓனரம்மா?"

"யாரு பேர்ல வண்டி இருக்கோ அவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒருவர், "வீட்ல கேட்டுட்டு வாம்மா" என்றார். அண்ணி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த லாரியில்தான் இருக்கிறேன். அதன் டயரை மாற்றியிருக்கிறேன், அதன் மேலே ஏறி மழையில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன், அதற்குள் காய்ச்சலோடு படுத்திருக்கிறேன். இன்று அந்தப் பட்டறை வாசலில் திருடவந்தவள் மாதிரி நிறுத்திவிட்டீர்கள். பயமாக இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். என் தலைக்கு மேலே பார்த்துப் பேசுகிறவரோடு சேர்ந்து நீங்களும் என் தலைக்கு மேலே பேசிவிட்டீர்களே!

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு கம்பியில் பித்தளை வட்டங்களாகக் கோர்த்து மாலைபோல் தொங்கவிட்டிருக்கிறார். எந்த லாரி வந்தாலும் தண்ணீர்க் குழாய்க்குள் இருக்கும் அந்தத் தெர்மோஸ்டாட் வால்வைத்தான் முதல் வேலையாகப் பிடுங்குவார். அது இல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும், இன்ஜின் சூடாகாது என்பார். எங்களுடையதும் அதில்தான் தொங்குகிறது, லாரி வாங்கிய வாரமே பிடுங்கியது. அதைப் பார்த்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்களும் அவரும் ஒன்றுதான். வருகிறவர்களிடமிருந்து எதையாவது பிடுங்கிச் சுவரில் மாட்டிவைக்கிறீர்கள்.

இந்த நடை போய்விட்டது. ஆபீஸ்காரரிடம் கெஞ்சி, மாதக் கடைசியில் போகும் வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். அதற்கும் தடை போடுவதானால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மைனா


மார்ச் 13

மைனாவுக்கு,

இதோடு இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் லாரி உன் பெயருக்கு மாறும். தம்பி பெயருக்கு இல்லை, உன் பெயருக்கு. பட்டறைக்காரரிடமும் பேசிவிட்டேன். "இனி ஓனரம்மா அவள்தான், சந்தேகம் இருந்தால் அவளிடம் கேளுங்கள்" என்றேன்.

உன்னிடம் சொல்லாமல் தடுத்தது மோசமான காரியம். ஆனால் மெலிந்த போல்ட்டை மேசையில் வைத்துக்கொண்டு உன்னை மலைக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. இதற்கு மேல் விளக்கினால் எனக்கே சாக்காகத் தோன்றும்.

இப்போது அந்தக் கம்பி. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்தவுடன் ஒதுக்கிவைத்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். அது அழுக்குப் பாட்டில் இல்லை. நீ சமவெளியில் ஓட்டும்போது இன்ஜின் உண்மையிலேயே சூடாகவில்லை. எரியாத டீசல் எண்ணெயில் இறங்கியிருக்கிறது. முள் செத்துக் கிடந்தது பழுதால் இல்லை, அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நீ அதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். நான் போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்றத்தில் சூடாவது ஏன்? உங்கள் இன்ஜினின் படத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டர் வழியாகச் சுற்றிவரும். இன்னொன்று இன்ஜினுக்குள்ளேயே திரும்பும் குறுக்குவழி. அந்த வால்வு சூட்டில் திறக்கும்போது ரேடியேட்டர் வழியைத் திறப்பதோடு குறுக்குவழியை அடைக்கவும் வேண்டும். வால்வே இல்லையென்றால் குறுக்குவழி எப்போதும் திறந்துதான் கிடக்கும். ஏற்றத்தில் கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் மறுபடி இன்ஜினுக்குள் வரும். குளிர வேண்டிய இடத்தில் சூடாகும், சூடாக வேண்டிய இடத்தில் குளிரும்.

இது என் ஊகம். போல்ட் விஷயத்திலும் இதே உறுதியோடுதான் எழுதினேன், அதனால் நம்பாதே. புது வால்வு வாங்கு. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வை. வால்வின் மேல் பொறித்திருக்கும் சூட்டில் திறக்கிறதா என்று உன் கண்ணால் பார். நல்ல போல்ட் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. வெளியிலிருந்து வருவதற்குக் காத்திருக்க வேண்டாம், இன்ஜின் கம்பெனியின் சாதாரணப் புதுப் போல்ட் போதும். பழையது மட்டும் கூடாது.

அந்தக் கம்பியில் எத்தனை லாரி தொங்குகிறது என்று நினைத்தால் ஆத்திரத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது தனியாக இருக்கட்டும், வேலை தனியாக நடக்கட்டும்.

புது வால்வு வாங்கினேன். பட்டறைக்குப் போய், "கம்பியில இருக்கிற எங்க வால்வும் வேணும்" என்றேன். "அது எதுக்கும்மா, வெறும் பித்தளை" என்றார். "ஓனரம்மா கேக்குறாங்க" என்றேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

இரண்டையும் ஒரே பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். உங்கள் தம்பியை நாற்காலியோடு அடுப்படிக்கு இழுத்துவந்து, சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை அவர் கையில் கொடுத்தேன்.

"இதைப் போட்டா இன்ஜின் வெந்துடும்டி. ஊர் உலகமே கழட்டிப் போடுது, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் புதுசா ஞானம் வந்துருச்சா?"

"வாயை மூடிக்கிட்டுக் குழாயைப் பாருங்க."

தண்ணீர் சூடாக ஆரம்பித்தது. ஒன்றும் நடக்கவில்லை. "பார்த்தியா?" என்றார். பிறகு புதியது மெதுவாக வாயைத் திறந்தது. கொஞ்சம் பின்னாலேயே பழையதும் திறந்தது. அண்ணி, அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாள் கம்பியில் சும்மா தொங்கியிருக்கிறது. அவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்ப என் காலு இதுக்காகத்தான் போச்சா?" என்றார். அடுப்பை அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரே ஒன்று சொன்னார். அவரும் பட்டறைக்காரருமாக டீசல் பம்பில் இன்ஜின் கம்பெனி போட்ட சீல் கம்பியை அறுத்து, ஸ்க்ரூவைத் திருகி, கம்பெனி வைத்ததைவிட அதிகமாக டீசல் போகும்படி வைத்திருக்கிறார்களாம். இழுவை கூடுமாம். சூடும் கூடும் என்று எனக்கே தெரிகிறது. இத்தனை நாள் உங்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

எது முதலில் என்று இனி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, சுத்தமான தண்ணீர் ஊற்றி, புது வால்வைப் போட்டாகிவிட்டது. முள்ளுக்குப் புது மீட்டர். பம்பு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பச் சொன்னேன். "வண்டி மாடு மாதிரி போகும்" என்றார் பட்டறைக்காரர். "மாடு மலை ஏறிடும்" என்றேன். புதுப் போல்ட் போடும்போது பக்கத்திலேயே நின்றேன். அவர் பழையதைக் கையில் எடுத்தபோதெல்லாம் தொண்டையைக் கனைத்தேன்.

வரும் திங்கட்கிழமை விடியலில் கிளம்புகிறேன். ஊகம் உங்களுடையது. நீங்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இருக்கையைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வரலாம்.

மைனா


ஏப்ரல் 2

மைனாவுக்கு,

நீ சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனிருந்தவளுக்கே இதை எழுதுகிறேன். ஞாயிறு மாலை நான் வந்து இறங்கியதும் நீ கேட்டது, "தாங்குமா அண்ணி?" என்பதுதான். தெரியாது என்றேன். என் கோபத்தைக் கிளப்பவே தம்பி படுக்கையிலிருந்து, "டர்போ வச்சிருந்தா தாங்கும்" என்றான்.

மறுநாள் நடந்தது இது.

ஊரைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் முள் எழுந்தது. நீ, "அண்ணி, ஏறுது! நிறுத்தட்டுமா?" என்றாய். "ஏறணும். அதுக்குத்தானே போட்டோம்" என்றேன். பாதிக்கு வந்து நின்றது. அதற்கப்புறம் அசையவில்லை.

மலையடியில் நீ லாரியை ஓரம் கட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் பார்த்தாய். "நகரு" என்று சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் உனக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது கியரில் ஏறினோம். பின்னால் வந்ததெல்லாம் நம்மை முந்திப்போனது. ஒருவன் ஜன்னல் வழியாக, "இறங்கித் தள்ளவா?" என்று கத்தினான். நீ அவனுக்குச் சொன்ன பதிலை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பொருத்தமாக இருந்தது. முள் பாதியிலிருந்து ஒரு நூல் ஏறியது, அவ்வளவுதான். கால் போன இடம் என்று தம்பி அடையாளம் சொல்லியிருந்த வளைவில், அவன் சக்கரத்துக்குக் கொடுக்கப் போன கல் இன்னும் சாலையோரம் கிடந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அப்போதும் முள் அசையவில்லை.

உச்சியில் கம்பெனி வாசலில் நிறுத்தினோம். நான் இறங்கப் பார்த்தேன், என் பக்கக் கதவு திறக்கவில்லை. உள்கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இன்ஜினில் எதை முதலில் பார்ப்பது என்று இரண்டு மாதம் சண்டை போட்டோமே, கதவை யாரும் பார்க்கவில்லை. உன் இருக்கையைத் தாண்டி உன் பக்கமாக இறங்கினேன். இருக்கை நன்றாகத்தான் இருக்கிறது.

வாசல் காவலாளி வந்தார். "டிரைவர் எங்கம்மா?"

"நான்தான்."

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். "அப்ப இவங்க?"

நீ தயங்கினாய். நாத்தனார் என்பதா, இன்ஜினியர் என்பதா என்று யோசித்திருப்பாய். நான், "கிளீனர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப பின்னாடி போய் நில்லுங்க. இடம் குறுகல், சுவர் இருக்கு. ரிவர்ஸ் பார்த்துச் சொல்லுங்க" என்றார். போனேன். லாரி என்னை நோக்கிப் பின்னால் வந்தது. நான் யாரிடமும் சத்தமாகப் பேசி உனக்குத் தெரியாது. "வரட்டும்" என்றேன், உனக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்!" சிமெண்ட் இறக்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "போதும்" என்றேன். நின்றது.

கிளீனர்